சட்டைப் பையில் இருந்த வசனம்

அர்ச்சுனனின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், அவனை அடித்தவர்களை வரிசையாக நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் அப்பா. ரப்பர் பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டா கம்பு அவருக்கு இரண்டு வேலை பார்த்தது. காலையில் வாளி, சாயங்காலம் மகன். அடுத்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார், பிரம்பால். அதற்கடுத்து மாட்டுக்காரர் மகன், கையில் எது கிடைக்கிறதோ அதால். ஈப்போவுக்கு வேலைக்கு வந்த பின் முதல் பட்டறை முதலாளி, வெறுங்கையால். கடைசியாக, இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்ட ஆள், சொந்தத் தங்கச்சியின் புருஷன் கனகராஜ்.

இத்தனைக்கும் பெயர் அர்ச்சுனன். அவன் பிறந்தபோது அப்பா தோட்டத்து முருகன் கோவிலில் காவடி தூக்கிக்கொண்டிருந்தார். மகன் வில்லும் கையுமாக வளர்வான் என்று நினைத்துவிட்டார். தங்கச்சி பிறப்பதற்குள் குடும்பமே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டது. அதனால் அவள் அகதா. ஞானஸ்நானத்தன்று அர்ச்சுனன் தலையிலும் கென்னத் என்று ஒரு பெயரை ஊற்றினார்கள். தலை காய்வதற்குள் பெயரும் காய்ந்துவிட்டது. வில்லும் வரவில்லை, கென்னத்தும் வரவில்லை, மூச்சு இளைப்பு மட்டும் வந்தது. பலமாகக் காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள்கிற உடம்பு.

அந்த வீட்டில் வீரம் வேறு ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருநாள் மாட்டுக்காரர் மகன் அர்ச்சுனன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து வாயில் மண்ணைத் திணித்துக்கொண்டிருந்தான். முன்பல் விழுந்து முளைத்த வயதில் இருந்த அகதா பின்னாலிருந்து வந்து அவன் காதைக் கடித்தாள். சும்மா கடிக்கவில்லை, கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். அந்தக் காது இப்போது பினாங்குப் பக்கம் எங்கோ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறது, ஓரம் இல்லாமல். அன்றைக்கு ராத்திரி அப்பா இரண்டு பேரையும் அடித்தார். அகதா அழவில்லை. அண்ணன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதான்.

பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். அர்ச்சுனன் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலை அடிவாரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு வெல்டிங் பட்டறை வைத்தான். கேட்டு, ஜன்னல் கம்பி, கோழிக்கூண்டு எல்லாம் செய்வான். ஆனால் அவனைத் தேடி வருகிறவர்கள் அரிவாளுக்காக வருவார்கள். செம்பனைக் குலையை உயரத்திலிருந்து அறுக்க நீளமான அலுமினியக் கழியின் நுனியில் மாட்டுவார்களே, பிறை மாதிரி வளைந்த அரிவாள், அது. தெலுக் இந்தான் பக்கமிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அவன் தட்டிக் கொடுத்த அரிவாள் ஓலைக் காம்பில் பட்டால் சத்தமே வராது என்பார்கள்.

அகதாவைக் கட்டிக்கொடுத்தது சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கனகராஜ் அங்கே மண்டோர், குலை வெட்டும் ஆட்களை மேய்க்கிற வேலை. குடிகாரன் என்றால் சொல்லி அழுவதற்கு வசதியாக இருந்திருக்கும். கனகராஜ் குடிக்க மாட்டான். சட்டையைத் தானே இஸ்திரி போடுவான். வேலைக்குப் போகும் முன் செருப்பைத் துடைப்பான். அடிப்பதையும் அப்படித்தான், நிதானமாக, ஒரு வேலையைச் சுத்தமாக முடிப்பதுபோல அடிப்பான்.

கல்யாணமாகிச் சில மாதத்தில் அகதாவின் கழுத்தில் விரல் தடத்தைப் பார்த்துவிட்டு அர்ச்சுனன் என்ன என்று கேட்டான். கனகராஜ் அவன் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது அர்ச்சுனனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. கனகராஜ் அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். சீனி போதுமா மச்சான் என்றும் கேட்டான். அதற்குப் பிறகு அர்ச்சுனன் கேட்பதை விட்டுவிட்டான். இது அவனுக்கே பிடிக்காத விஷயம். சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

இப்போது ஒரு வசன அட்டையின் கதைக்கு வருவோம்.

அர்ச்சுனன் போகிற சபை ஒரு டோபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கினால் கீழே துணி சுற்றும் இயந்திரம் ஆமென் சொல்லும். அங்கே வருஷப் பிறப்பன்று காலை ஆராதனையில் ஒரு வழக்கம். பிஸ்கட் டின் நிறையச் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது அந்த வருஷம் முழுக்கக் கர்த்தர் உனக்குச் சொல்லும் வார்த்தை. அதைக் குளிர்பெட்டியில் ஒட்டுவார்கள், காரில் தொங்கவிடுவார்கள். அடுத்தவன் அட்டையை எட்டிப் பார்த்து உள்ளுக்குள் பொறாமைப்படுவார்கள். வர முடியாமல் படுத்துக்கிடப்பவர்களுக்காக வீட்டு ஆள் எடுக்கலாம். ஒரே ஒரு விதி: வராதவருக்கு முதலில் எடுக்க வேண்டும், தனக்கு எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த வருஷப் பிறப்பன்று அகதா காலையிலேயே போன் பண்ணினாள். வாயைத் திறக்காமல் பேசினாள். தாடை வீங்கியிருக்கிறது, படியில் விழுந்துவிட்டேன் என்றாள். அவர்கள் வீட்டில் படியே கிடையாது. எனக்கும் ஒரு அட்டை எடுத்து வை அண்ணே என்று மட்டும் கேட்டாள்.

அர்ச்சுனன் விதிப்படிதான் செய்தான். கண்ணை மூடி, அகதா பெயரைச் சொல்லி, முதல் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். இரண்டாவது தனக்கு. அதைக் கால்சட்டைப் பையில் திணித்தான். பார்க்கவில்லை. அப்துல் ரசாக் பாயின் மாமாக் சாப்பாட்டுக் கடையில், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்த பிறகுதான் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தான்.

கால்சட்டைப் பை அட்டை: கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்.

சட்டைப் பை அட்டை: பலவீனனும் தன்னைப் பலவான் என்று சொல்வானாக. யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகம்.

தே தாரிக்கின் நுரை அடங்கும்வரை அவன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். தாடை வீங்கிக் கிடக்கிற பொம்பளைப் பிள்ளைக்குப் போய் ‘நான் பலவான்’ என்று கர்த்தர் எதற்கு அனுப்பப் போகிறார். அவளுக்குச் ‘சும்மாயிரு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதுதானே பொருத்தம். இத்தனை வருஷமாக அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிற பலவீனன் யார். இந்த அர்ச்சுனன். பைதான் மாறியிருக்க வேண்டும். பை மாறவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தாளிப்பு வாசனைக்கு நடுவே ஒரு மனுஷனால் எதையும் நம்பிவிட முடியும்.

சும்மாயிருப்பீர்கள் அட்டையைப் போட்டோ எடுத்து அகதாவுக்கு அனுப்பிவிட்டுக் கால்சட்டைப் பையிலேயே திணித்தான். ஆமென் அண்ணே என்று பதில் வந்தது, கூப்பிய கைகளோடு. மற்ற அட்டையைத் திரும்பச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து எந்தச் சட்டை மாற்றினாலும் அட்டையும் கூடவே மாறும்.

அவர்கள் சபையின் பாஸ்டர் ராட்னி வாரநாட்களில் கிராப் வாடகைக் கார் ஓட்டுவார். போனில் மூன்று மாத எபிரெய வகுப்பு முடித்திருந்தார். புது மோட்டார் சைக்கிள் வாங்கினவன் கடைக்குப் போகாமல் ஊரையே சுற்றுவான் அல்லவா, அந்த மாதிரி எபிரெயத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். பிரசங்கத்தில் எந்த வார்த்தை வந்தாலும் அதன் வேரைப் பிடுங்கிக் காட்டாமல் விடமாட்டார். அர்ச்சுனன் தன் அட்டையைக் காட்டி அர்த்தம் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையில் பட்டறைப் பக்கம் வண்டியை நிறுத்துகிறபோதுதான் நேரம். அதனால் வசனம் தவணை முறையில் வந்தது.

முதல் தவணையில் பலவீனன். எபிரெயத்தில் அது ஹல்லாஷ் என்றார். இந்த வடிவத்தில் வேதாகமத்திலேயே இங்கே மட்டும்தான் வருகிறதாம்.

“பொறக்கும்போதே சொத்தையா இருக்கறவன் இல்லண்ணே. நல்லா நின்னுக்கிட்டு இருந்த ஆள அடிச்சிப் படுக்க வச்சா, அவன்தான் ஹல்லாஷ். யோசுவா அமலேக்க முறியடிச்சான்னு வருதுல்ல, அந்த அடிதான் இதுக்கு வேரு.”

நல்லா நின்னுக்கிட்டு இருந்த ஆள் என்றதும் அர்ச்சுனன் கண்முன்னே ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள், வாயில் காதோடு. அவன் கையை ஆட்டி அவளை விரட்டினான். அவன் எப்போது நல்லா நின்றான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. போன் மணியடித்தது. பாஸ்டர் பெர்ச்சாமுக்கு ஒரு ஆளை ஏற்றப் போய்விட்டார்.

இரண்டாவது தவணை ரசாக் பாய் கடையில். பலவான் என்பது கிப்போர். வெறும் கட்டுடம்பு இல்லை, போர்க்களத்தில் முன்னால் நிற்கிற ஆள்; தாவீதோடு சுற்றின வீரர்களுக்கு அந்தப் பெயர்தான். கல்லாவில் இருந்த ரசாக் பாய் காதை நீட்டி, எங்கள் அரபியில் ஜப்பார் இருக்கிறது, அண்ணன் தம்பி மாதிரி இருக்கே என்றார். பாஸ்டருக்கு உற்சாகம் வந்து அட்டையில் பாதி வசனம்தான் அச்சடித்திருக்கிறான், முன்பாதி இருக்கிறது என்று போனில் எடுத்துப் படித்தார். உங்கள் மண்வெட்டிகளைப் பட்டயங்களாகவும், உங்கள் அரிவாள்களை ஈட்டிகளாகவும் அடியுங்கள்.

அர்ச்சுனன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

பாஸ்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார். அரிவாள் என்பது மஸ்மேரா, திராட்சைக் கொடியைக் கழிக்கிற வளைந்த கத்தி, கிட்டத்தட்ட உங்கள் சரக்குத்தான் அண்ணே என்றார். ஈட்டி, ரோமாக்.

“அரபில ருமுஹு,” என்றார் ரசாக் பாய். “அதுவும் ஈட்டிதான்லா.”

பினெகாஸ் என்பவன் ஒரு ரோமாக்கைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்து ஓர் ஆணையும் பெண்ணையும் ஒரே குத்தாகக் குத்தினான் என்று பாஸ்டர் சொன்னார். அடியுங்கள் என்பதைத் தமிழில் மெதுவாகப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். எபிரெயத்தில் கோத்து. இடி, நொறுக்கு, துண்டு துண்டாக உடை. எசேக்கியா ராஜா வெண்கலப் பாம்பை நொறுக்கிப்போட்டதும் இதே வேர்ச்சொல்லால்தான். இன்னும் முக்கியமானது ஒன்று பாக்கி இருக்கிறது, இதை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது, அது தெரிந்தால் வசனமே தலைகீழாகிவிடும் என்று ஆரம்பித்தார். போன் மணியடித்தது. விமான நிலையம், நல்ல சவாரி. அடுத்த தடவை சொல்கிறேன் என்று ஓடினார்.

அடுத்த தடவைக்கு முன்னால் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது.

அகதா அட்டைக்குக் கீழ்ப்படிந்தாள். அதுதான் நடந்தது. தைப்பூசம் கழிந்து கனகராஜ் அவள் இடது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். அர்ச்சுனன் போய் நின்றான். கனகராஜ் அவனை வெளியே இழுத்துவந்து, குலை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் பார்க்க, தண்ணீர்க் குழாயால் முதுகிலும் தொடையிலும் அடித்தான். ஆட்கள் குலையைப் பார்த்துக்கொண்டார்கள். அர்ச்சுனன் மோட்டாரில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஓட்டிவந்தான். தஞ்சோங் மாலிமில் வைத்தியம் பார்த்துவிட்டு வந்த அகதா ஒரே வரி அனுப்பினாள்: சும்மா இருக்கேன் அண்ணே, கார்டுல போட்ட மாரி.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் அகதாவின் பக்கத்து வீட்டுச் சரளா போன் பண்ணினாள். அவளுக்கும் அர்ச்சுனனுக்கும் முகம் பார்த்தால் சிரிக்கிற பழக்கம் மட்டும்தான். அகதா வயிற்றில் உதை வாங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வயிற்றில் இருந்தது போய்விட்டது, இருந்ததே யாருக்கும் தெரியாது என்றாள். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“ஒங்க தங்கச்சி இப்பல்லாம் கத்தவே மாட்டேங்குதுண்ணே. முந்தி கத்தும். நாங்க செவுத்துல தட்டுவோம், யாராச்சும் வருவோம், அவனும் நிப்பாட்டுவான். இந்த வருஷம் பொறந்ததுலேருந்து சத்தமே இல்ல. நாங்க எப்புடி வர்றது?”

அர்ச்சுனன் போனை வைத்தான். போய் உலையை மூட்டினான்.

எடுத்தது நல்ல அரிவாள். யாருக்கோ செய்து வைத்திருந்தது. பிறை சிவந்ததும் பட்டடையில் வைத்து அடிக்கத் தொடங்கினான். வளைவு நிமிர நிமிர ஒவ்வொரு அடிக்கும் கோத்து என்றான். கொஞ்ச நேரத்தில் அது வாயால் சொல்வதா சுத்தியல் சொல்வதா என்று தெரியாமல் போனது. மலைப்பாறை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. முனையை இரண்டு பக்கமும் தீட்டி நீளக் கழியில் பொருத்தினான். பார்க்க ஈட்டியாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் செய்யவில்லை. தோய்ச்சல் கொடுக்கவில்லை. சிவந்த இரும்பைச் சரியான சூட்டில் தண்ணீரில் முக்காவிட்டால் அது பல் இல்லாத இரும்பு. அவன் தூக்கத்தில்கூட அதை மறக்கிறவன் இல்லை. மறந்தானா, விட்டானா என்றால் அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை பழைய சாலையில், கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர் என்று, மோட்டாரின் பக்கவாட்டில் ஈட்டியைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் போனான். வழியில் போலீஸ் மறித்த இடத்தில் இளைப்பு வந்துவிட்டது. செம்பனை ஊரில் கழி கட்டிய மோட்டார் காக்காய் மாதிரி, யார் திரும்பிப் பார்ப்பது. சிவப்புத் துணி கட்டாமல் போகிறாயே பக்சிக், பின்னால் வருகிறவன் கண்ணில் குத்திவிடும் என்று ஒரு சின்ன வயசு மலாய்ப் போலீஸ்காரர் அக்கறையாகத் தன் கையாலேயே முனையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார். அர்ச்சுனன் நன்றி சொன்னான். ஒரு ஆளைக் குத்தப் போகிற ஈட்டி அப்படிக் கொடி கட்டிக்கொண்டு சிலிம் ரிவருக்குள் நுழைந்தது.

கனகராஜ் முன்கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அகதா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அடுப்படி வாசலில், இன்னும் கட்டுப் பிரிக்காத விரல்களோடு நின்றாள். அர்ச்சுனன் வாசலில் ஈட்டியை நீட்டிக்கொண்டு நின்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னான். பாதியில் இருமல் வந்துவிட்டது.

“அர்ச்சுனன் வந்துட்டாருலா,” என்றான் கனகராஜ், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. “என்னா மச்சான், வில்லு கெடைக்கலியா?”

அர்ச்சுனன் குத்தினான். கண்ணை மூடிக்கொண்டு, உடம்பில் இருந்ததையெல்லாம் சேர்த்து. முனை கனகராஜின் தோள்பட்டை எலும்பில் பட்டு, சதையைக் கிழித்து, வெயிலில் கிடந்த மெழுகுவத்தி மாதிரி வளைந்தது. திரும்பவும் அரிவாளாகப் போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். சிவப்புப் பை கனகராஜின் மார்பில் ஆடியது. அவன் சட்டையில் ரத்தம் பரவுவதைக் குனிந்து பார்த்தான். அவனுக்கு வலியைவிடச் சட்டைதான் முதலில் கோபம் மூட்டியது.

கழியைப் பிடுங்கி அதாலேயே அடித்தான். முதல் அடி தோளில், அடுத்தது விலாவில். விலா ஒடிந்த சத்தம் அர்ச்சுனனுக்குள்ளேயே கேட்டது. விழுந்தவனை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து, அவன் முன்கையில் வைத்து அழுத்தினான். மயிர் கருகி, பிறகு தோல் கருகியது. நிதானமாகத்தான் செய்தான். பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கழுத்தில் மிதித்து, கழியின் வளைந்த முனையை அவன் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தான்.

அகதா வாசலில் வந்து நின்றாள். கண் இமைக்கவில்லை, உதடு அசையவில்லை. அந்தச் ‘சும்மா’வை அர்ச்சுனன் அன்றுதான் நேரில் பார்த்தான். தான் போட்டோ எடுத்து அனுப்பியது இதுதான் என்று தெரிந்தது.

“அகதா,” என்றான், மிதிக்குக் கீழேயிருந்து. “அந்தக் கார்டு ஒன்னோடது இல்ல. நான் மாத்திட்டேன். மொதல்ல எடுத்தது, பலவான்னு போட்டது, அதான் ஒன்னோடது.”

கனகராஜ் அவன் தாடையில் ஓங்கி உதைத்தான். அதற்குப் பிறகு அர்ச்சுனன் பேசவில்லை.

தாழ்ந்த மரத்துக் குலையைக் குத்தி எடுக்கிற உளிக்கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அகதா அதை நல்ல கையால் எடுத்தாள். கூர்முனைப் பக்கம் பிடிக்கவில்லை, இரும்பின் தட்டைப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். கனகராஜின் முழங்காலுக்குப் பின்னால் முதல் அடி. அவன் உட்கார்ந்தான். இரண்டாவது அடி அவன் வலது மணிக்கட்டில். அவன் இடது கையால் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். அவள் இழுபட்ட வேகத்திலேயே போய் அவன் காதைக் கவ்வினாள். அவன் பிடியை விட்டதும் நிமிர்ந்து, மறுபடி கம்பை எடுத்தாள். அப்போதுதான் கத்தினாள். வருஷப் பிறப்பிலிருந்து அடக்கி வைத்திருந்த கத்தலெல்லாம் ஒரே வாயில் வந்தது. குலை வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மரத்தடியில் நின்றுவிட்டார்கள். கத்திக்கொண்டே அடித்தாள். காலில், கையில், முதுகில், திரும்பவும் காலில். இடி, நொறுக்கு, துண்டு துண்டாக உடை. அவளுக்கு யாரும் எபிரெயம் சொல்லித்தரவில்லை.

சனம் ஓடிவந்தது. முன்னால் வந்த சரளா, கையில் பிழிந்த ஈரத்துணியோடு, முற்றத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுங்க என்றாள். பொறுத்தார்கள். கனகராஜ் அம்மா என்று கூப்பிடத் தொடங்கி, அப்புறம் அதுவும் நின்று, அடிக்கும்போது ஈர மூட்டையில் அடிக்கிற சத்தம் வர ஆரம்பித்தபோது சரளாவின் முகம் மாறியது. துணியைப் போட்டுவிட்டு ஓடி, அகதாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். போதும்டி என்றாள். அகதாவின் வாயோரத்தில் ரத்தம் இருந்தது.  கம்பை அவள் கையிலிருந்து எடுக்க விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கனகராஜ் சாகவில்லை. கால் இரண்டு இடத்தில் உடைந்தது, மணிக்கட்டு போனது, காதில் தையல். இனி நடந்தால் ஊன்றித்தான் நடப்பான் என்றார்கள். போலீஸ்காரர்கள் ஈட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். இது அரிவாளா ஈட்டியா, என்ன பெயர் போடுவது என்று அவர்களுக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. சிவப்புப் பையையும் சேர்த்துத்தான் எடுத்துப்போனார்கள்.

அர்ச்சுனனை ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பல் பிரியாது, பேச்சு வராது, குழாயில் கஞ்சி. பாஸ்டர் ராட்னி வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் போனை அணைத்து வைத்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் இருந்த அகதாவையும் பார்த்து, கடைசித் தவணையைச் சொன்னார். அது வாக்குத்தத்தமே இல்லை. ஜனங்களைக் கொள்ளையடித்து, அவர்கள் பிள்ளைகளை விற்று, நாங்கள்தான் பலவான்கள் என்று திரிந்த வேற்று நாட்டு ஜாதிகளைப் பார்த்துக் கர்த்தர் சீண்டுகிறார். வாங்கடா, இருக்கிற அரிவாளையெல்லாம் ஈட்டியாக்கிக்கொண்டு வாங்க, உங்களில் நோஞ்சானும் நான் கிப்போர் என்று சொல்லிக்கொண்டு வரட்டும், நான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கிறேன், அறுப்பு முற்றிவிட்டது. அட்டை அச்சடித்தவன் சீண்டலை வெட்டி ஆசீர்வாதமாக்கிவிட்டான். ஏசாயா இதே வார்த்தைகளை அப்படியே திருப்பிப் போட்டு, ஈட்டியை அரிவாளாக அடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த வசனம் டின்னில் இருந்தது, யார் கையிலும் வரவில்லை.

“இத நான் மொதல்ல சொல்லியிருக்கணும்,” என்றார். “ஏர்போர்ட் சவாரிண்ணே.” அவர் கண் கலங்கியிருந்தது.

அகதா யோசித்தாள். “பலவான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது யாரு பாஸ்டர், எங்க வீட்டுல?” என்று கேட்டாள்.  பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து அண்ணன் கட்டிலருகே வந்தாள்.

வெளியே வாக்குமூலம் எடுக்க ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் போனை எடுத்து, சூடு வைத்த கையால் தட்டுத்தடுமாறி அடித்து அகதாவிடம் நீட்டினான். எல்லா அடியும் நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிடு, ஈட்டி என்னுடையது, நம்புவார்கள், நீ எதுவும் பேசாதே.

அகதா படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கட்டிலின் கீழே ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் ரத்தச் சட்டையும் கால்சட்டையும் இருந்தன. குனிந்து சட்டைப் பைக்குள் விரல் விட்டு, ஓரம் கறுத்துப்போன அட்டையை எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள். கால்சட்டையைத் தேடினாள். அந்த அட்டை துவைத்துத் துவைத்து எழுத்து மங்கி இன்னும் அங்கேதான் இருந்தது. அதை அண்ணன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

“இது ஒன்னோடது. சும்மா இரு அண்ணே.”

கதவைச் சாத்தாமல் வெளியே போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், கல்யாணமான வருஷத்திலிருந்து தொடங்கி, வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும்படி. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்தது. விலாவும் தாடையும் விடவில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தான்.